எட்சன் வெட்டிய பட்டை

"ரெனிட்டா, நீ சொல்லும்மா. இந்த ரெண்டுல எதை வச்சுக்கலாம்?"

ஜான்பீட்டர் கேட்டது அவ்வளவுதான். எட்சனுக்குச் சுருக்கென்று தைத்தது. பத்தடி தள்ளி இவன் நிற்கிறான். இந்தக் கம்பெனியின் முதல் டைவர். இவனைக் கேட்காமல் அவளைக் கேட்கிறார்!

ஓசூர் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையை ஒட்டிய ஷெட்தான் ஜான்பீட்டரின் கம்பெனி. தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டி, அணை ஷட்டர், கிணற்றில் விழுந்த மோட்டார் என்று தண்ணீருக்கு அடியில் எது கெட்டாலும் இவர்களைக் கூப்பிடுவார்கள். டைவர்கள் இரண்டே பேர். கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த எட்சன் ஒருவன். போன வருடம் சேர்ந்த ரெனிட்டா இன்னொருத்தி. எலத்தகிரிப் பெண்.

இரட்டைக் காற்று சிலிண்டரோடு இறங்கும் பயிற்சிக்குப் புதுச்சேரி போய்வரச் சொல்லி ஜான்பீட்டர் முதலில் எட்சனைத்தான் கேட்டார். "எனக்கேவாண்ணே பாடம்?" என்று சிரித்தான் எட்சன். அவர் ரெனிட்டாவை அனுப்பினார். அவள் திரும்பி வந்ததிலிருந்து அவர் வாயில் வேறு பெயர் வருவதில்லை.

மேஜைமேல் இரண்டு பட்டைகள் கிடந்தன. இரட்டை சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள். இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தரச் சொல்லிப் பெங்களூர்க் கடைக்காரர் அனுப்பியிருந்தார். ஒன்று பள்ளிக்கூடப் பை மாதிரி. தோளில் பஞ்சு மெத்தை, நெஞ்சில் பிளாஸ்டிக் கிளிப், இழுத்தால் இறுகும், தள்ளினால் தளரும். மற்றது ஒரே நீள நாடா. கார் சீட் பெல்ட் மாதிரி. முதுகுத் தகட்டின் துளைகளில் நுழைந்து, இரு தோளையும் சுற்றி வந்து, இடுப்பில் ஒரே ஒரு இரும்பு பக்கிளில் முடியும்.

"ஒரே நாடாதாண்ணா நல்லது," என்றாள் ரெனிட்டா. "உடையறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. ரெண்டு சிலிண்டர் கனத்துல கிளிப் தெறிச்சிதுன்னா அடியில என்ன பண்றது?"

"நான் கொச்சியில கிளிப் வச்சதுதான் போட்டேன்," என்றான் எட்சன். "செத்தா போயிட்டேன்? கிளிப்புன்னா யாரு வேணா மாட்டிக்கலாம். நாடாவ ஒருத்தர் அளவுக்குத்தான் வெட்ட முடியும். நாளைக்கு யாருக்கு வெட்டுவ?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கூர்மை அவனுக்கே உறைத்தது. நாடா யார் அளவோ, டைவர் அவர்தான். மற்றவர் கரையில் கயிறு பிடிக்க வேண்டியதுதான்.

ஜான்பீட்டர் தாடையைச் சொறிந்தார். "நாடாவே இருக்கட்டும். இப்போதைக்கு வெட்ட வேணாம். நாளைக்கு அந்தக் கல்குவாரிப் பம்பு வேலைக்குப் போயி, யார் இறங்கறதுன்னு பார்த்துக்கலாம். வாம்மா, சாப்பிடப் போலாம். எட்சா, வரியா?"

'வாம்மா' முதலில். 'எட்சா' அப்புறம். "பசி இல்லண்ணே," என்றான்.

அவர்கள் பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அவன் நாடாவை எடுத்தான். தகட்டோடு முதுகில் மாட்டினான். தோளில் இழுத்தான். வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு இடுப்பில் பக்கிளைப் போட்டான். கச்சிதம். கத்திரியால் இரு பக்கமும் மிச்சத்தை வெட்டி, லைட்டரால் நுனியைப் பொசுக்கினான். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அவனுக்கு இனித்தது. ரெனிட்டா ஒல்லி. இனி அவள் இதை மாட்டினால் தொளதொளவென்று தொங்கும், சிலிண்டர் இடுப்புக்கு இறங்கிவிடும். பயிற்சி, சர்டிபிகேட் எல்லாம் எந்த மூலைக்கு?

மாலையில் ஜான்பீட்டர் கத்தினார். எட்சன் தலையைச் சொறிந்தான். "சரியா காதுல விழலண்ணே. வெட்டிடுன்னு சொன்னீங்களோன்னு..." ரெனிட்டா கருகிய நுனியைத் தடவிப் பார்த்தாள். "அப்ப நீதான் இறங்கணும், வேற வழி?" என்றார் ஜான்பீட்டர். அவள் சண்டைக்கு வராததும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வேப்பனப்பள்ளி பக்கம் திம்மராயனின் கருங்கல் குவாரி. மழையில் குழி நிரம்பி, தண்ணீர் இறைக்கும் பெரிய பம்பு சங்கிலி அறுந்து அடியில் கிடந்தது. ஒற்றை சிலிண்டர் காற்று தாங்காத ஆழம். அதற்காகத்தான் இரட்டை.

"பேகா ஆகட்டும்பா, சீக்கிரம்! வேலை நின்னு போயி கெடக்குது," என்ற திம்மராயன், ரெனிட்டாவைப் பார்த்ததும் குழைந்தார். "மேடம் தான் எறங்கறீங்களா? டேய், மேடத்துக்கு டீ கொண்டாங்கடா!"

"நான்தாங்க இறங்கறேன்," என்றான் எட்சன். அவனுக்கு டீ வரவில்லை.

அடித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதனால் விரற்கனமுள்ள ரப்பர் சூட். வெயிலில் வியர்த்து வழிந்தபடி அதற்குள் நுழைந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் பாறைத் திட்டின்மேல் நின்று சிலிண்டரை மாட்டினான். பக்கிளைப் போடப் போனான்.

எட்டவில்லை.

நேற்று அவன் அளந்தது டி-ஷர்ட்டின் மேல். வயிற்றை எக்கிக்கொண்டு. இன்று இடையில் ரப்பர். தோளில் நாடாவைத் தளர்த்திப் பார்த்தான், இடுப்பில் இன்னும் குறைந்தது. இடுப்புக்கு இழுத்தான், தோள் நெரிந்தது. ஒரே நாடா. இங்கே கொடுத்தால் அங்கே போகும். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கிளைத் திணித்தான். கிளிக் என்றது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தான்.

ரெனிட்டா தண்ணீரில் இறங்கி அவன் எதிரில் வந்து நின்றாள். "வால்வத் தொட்டுக் காட்டுங்கண்ணா."

இரண்டு சிலிண்டரின் வால்வும், இரண்டையும் இணைக்கும் நடு வால்வும் பிடரிக்குப் பின்னால் இருக்கின்றன. அடியில் ஒரு பக்கம் காற்று பீறிட ஆரம்பித்தால், கையைப் பின்னால் விட்டு அந்த வால்வை மூட வேண்டும். மூடினால் மறுபக்கக் காற்றில் மேலே வரலாம். மூடாவிட்டால் இரண்டும் காலி.

"கொச்சியில இதெல்லாம் நான் பார்க்காததா? விடும்மா," என்று முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்தான். கவிழ்ந்த வேகத்தில் நெஞ்சில் தொங்கிய, மூச்சு விடும் இரண்டாவது வாய்க்குழாய் பாறையில் மோதியது. புஸ்ஸென்று காற்று பீறிட்டது. கையைப் பின்னால் விட்டான். தோள்பட்டை காதுவரை வந்து நின்றது. விரல் நுனி வெறும் தண்ணீரைத் துழாவியது. மறுபடி. மறுபடி.

சத்தம் நின்றது. ரெனிட்டா பின்னாலிருந்து வால்வை மூடியிருந்தாள்.

"என்னாச்சு?" கரையிலிருந்து ஜான்பீட்டர்.

"ஒண்ணுமில்லண்ணா. வால்வு கொஞ்சம் டைட்டு. புதுசு இல்ல? கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிடும்," என்றாள் அவள்.

எட்சன் அவளைப் பார்த்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மறைக்கிறாள். ஜான்பீட்டரின் பாராட்டும் அவளுக்கு, மேடம் பட்டமும் அவளுக்கு. இப்போது நல்ல மனசு என்ற பெயரும் அவளுக்கே வேண்டுமா? அவள் போடும் பிச்சையில் இவன் இறங்கி, சாயங்காலம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமா? பக்கிளைப் பிய்த்தான். மூச்சு திரும்பி வந்தது.

"வால்வு நல்லாத்தாண்ணே இருக்குது!" என்று கத்தினான். "எனக்குத்தான் கை எட்டல. இவ இறங்கக் கூடாதுன்னுதான் நேத்து நாடாவ வெட்டினேன். காது நல்லாத்தான் கேட்டுது. வெறும் டி-ஷர்ட்டுமேல அளந்துட்டேன்."

திம்மராயன் டீ டம்ளரை வாயருகே பிடித்தபடி நின்றார். ஜான்பீட்டரின் முகம் சிவந்தது. "கரைக்கு ஏறு," என்றார்.

"அப்ப பம்பு?" என்றார் திம்மராயன்.

ரெனிட்டா தன் சூட்டை மாட்டிக்கொண்டு வந்து அந்தப் பட்டைக்குள் கையை நுழைத்தாள். எட்சன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது பக்கிள் விழுந்திருந்தது. தோளில் ஒரு விரல் நுழையும் இடம். இடுப்பில் நுனி சிறிதாக நீட்டிக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் விட்டாள். வலது வால்வு, நடு வால்வு, இடது வால்வு. பூ வைத்துக்கொள்வதுபோல் தொட்டாள். ஒல்லி உடம்பும் ரப்பர் சூட்டும் சேர்ந்து, வயிற்றை எக்கிய எட்சனின் அளவுக்கு வந்துவிட்டிருந்தன.

"அட! அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்குதே மேடம்," என்றார் திம்மராயன். "யாரு வெட்டிக் குடுத்தது?"

ரெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். "அண்ணன்தான்."

எட்சன் கயிற்றை எடுத்தான். அவள் இடுப்பு வளையத்தில் முடிந்தான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். "முழங்கால் ஊணாத. சேறு கலங்கிடும்," என்றான் உர்ரென்று.

"சரிங்கண்ணா."

பச்சைத் தண்ணீர் அவளை மூடியது. குமிழிகள் சீராக வந்தன. அவன் மூச்சைவிடச் சீராக. அதையும் எண்ணாமல் எண்ணி வயிறெரிந்தான். ஆனால் கயிற்றை அவள் கேட்ட அளவுக்கே விட்டான், கேட்ட நேரத்தில் பிடித்தான். வெகுநேரம் கழித்துக் கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது. பம்பு கிடைத்துவிட்டது. திம்மராயனின் ஆட்கள் விசிலடித்தார்கள். ஜான்பீட்டர் கைதட்டினார்.

கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே எட்சன் சொன்னான்: "அண்ணே, என்னைத் திட்டறதா இருந்தா வண்டியில போறப்ப திட்டிக்கோங்க. எனக்கும் ஒரு நாடா வாங்கணும்."

"உனக்கா? திமிருடா உனக்கு. முதல்ல புதுச்சேரி போயிட்டு வா."

தண்ணீருக்கடியில் எங்கோ அவள் நகர, கயிறு அவன் உள்ளங்கையில் ஊர்ந்தது.

"போறேன்," என்றான். "ஆனா அவளுக்குச் சொல்லிக் குடுத்தவன்கிட்ட வேணாம். அவனைவிடப் பெரிய ஆளா பாருங்க."