ஊறும் நேரம்

பட்டி பார்க்கும் பிளேடைப் படுக்க வைத்து அவன் ஒரு தள்ளு தள்ளினான். ஊறிப்போன பழைய பச்சைப் பெயிண்ட் தோலாகச் சுருண்டு வந்தது. ஃபைபர் படகின் மேல்தளத்துக்கு இதுதான் கணக்கு: பெயிண்டை ஊறவைக்கும் ரிமூவரை ஒரு முழ அகலத்துக்குத் தடவு, பத்து நிமிஷம் பொறு, சுரண்டு, கழுவு, அடுத்த முழத்துக்குப் போ. கூடுதலாக ஊறினால் பெயிண்டைத் தின்ற மருந்து அடியில் இருக்கும் வழவழப்பான பூச்சையும் தின்னத் தொடங்கிவிடும்.

இன்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. முன்தளம் முழுவதும் ஒரே மூச்சில் தடவியிருந்தான். கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்காது.

ஊரில் அக்கா விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டாள். இந்த நாட்டிலிருந்து டிக்கெட் கிடைத்தாலும் போய்ச் சேர இரண்டு நாள். அதுவரை வைத்திருக்க முடியாது, மதியம் எடுக்கும்போது வீடியோவில் கூப்பிடுகிறேன் என்றார் அத்தான். அவன் மேஸ்திரியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ரூமுக்குப் போகச் சொல்வார். ரூமில் நாலு கட்டில். மற்ற மூன்று பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"என்னடா, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மொத்தமா பூசிட்ட?" கீழேயிருந்து மேஸ்திரி கேட்டார். "உனக்கு என்ன பத்துக் கையா?"

"முடிச்சிருவேண்ணே."

"முடி, முடி. நான் போய் அந்த என்ஜினப் பாத்துட்டு வரேன்."

அவர் அந்தப்பக்கம் போனதும் போன் அடித்தது. ஊரில் மணி பதினொன்றுகூட ஆகியிருக்காது.

"மாப்ள, மழை இருட்டிக்கிட்டு வருது. இப்பவே எடுத்துடலாங்கறாங்க. பாத்துக்கறியா?"

தளத்தைப் பார்த்தான். பச்சை முழுக்கக் குமிழி விட்டிருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்தான்.

"காட்டுங்க அத்தான்."

முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு யாருடைய தோளோ.

"முகத்தக் காட்டுங்க."

"கூட்டமா இருக்கு மாப்ள. இரு."

நாலு வருஷமாக அக்கா போனில் நெற்றியை மட்டும்தான் காட்டுவாள். "உன் நெத்தியோடதான் பேசிக்கிட்டிருக்கேன், போனச் சரியாப் பிடி அக்கா" என்பான். "நெத்தி போதும்டா, நீ சாப்ட்டியா?" என்பாள்.

இப்போது முழுமுகமும் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை.

"போதுமா மாப்ள? எல்லாரும் காத்திருக்காங்க."

"இன்னும் கொஞ்சம் அத்தான்."

அத்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ அவசரப்படுத்தினார்கள். "கொஞ்சம் இருங்கப்பா" என்று அவர் அதட்டுவது கேட்டது.

மேஸ்திரி திரும்பி வந்தபோது அவன் பெயிண்ட் முழுவதையும் சுரண்டிக் கழுவியிருந்தான். கடைசியாகச் சுரண்டிய நடுப்பகுதியில் ஒரு முழத்துக்குப் பூச்சும் சேர்ந்து போய், ஃபைபர் நூல்நூலாகத் தெரிந்தது. குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தூங்கிட்டியா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"நின்னுக்கிட்டே தூங்கறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா." அவன் முகத்தைப் பார்த்தார். "கண்ணப் பாரு, கோவப்பழம் மாதிரி. ராத்திரியெல்லாம் போன நோண்டினா இப்படித்தான். போ, மூஞ்சியக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தான். தளம் காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அந்த ஒரு முழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓரத்திலிருந்து உள்நோக்கி, அழுத்தாமல், மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தான்.