முன்வாசல்

எங்கள் மருத்துவமனை சிறியது. ஆனால் வாசலில் இருப்பது என் அப்பாவின் பெயர். நடத்துகிறவன் என் மகன். மாப்பிள்ளையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயப் பிரிவுப் பேராசிரியர். குடும்பம் கூடினால் இருவரையும் அருகருகே உட்காரவைக்க என் மகள் பயப்படுவாள்.

"உங்க ஆஸ்பத்திரில ஒரு நோயாளிய பத்துப் பசங்க தட்டிப் பார்ப்பாங்க. தர்பூசணி வாங்குற மாதிரி," என்பான் மகன்.

"உங்க ஆஸ்பத்திரில இருக்கறதே ஒரு டாக்டர். அவரும் சாப்பிடப் போயிட்டா நெஞ்சுவலி காத்திருக்கணும், மச்சான்," என்பார் மாப்பிள்ளை.

நான் எப்போதும் மகன் பக்கம்தான். சொந்த வீட்டை விட்டுக்கொடுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அன்று காலை வெளிநோயாளிகள் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றியதுபோல் அழுத்தியது. அத்தனை பேர் முன்னால் நான் சாய்வதாவது! சுவரைத் தொடாமல் நடந்து, மகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். ஈசிஜி எடுத்தான். மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னான். ஈசிஜியைப் படம்பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பிப் பேசிவிட்டு என்னிடம் வந்தான்.

"அப்பா, மாரடைப்பு. ரத்தக்குழாய் அடைப்பை உடனே திறக்கணும். அந்த வசதி நம்மகிட்ட இல்ல. மச்சான்கிட்ட போறீங்க."

"அடைப்பைக் கரைக்கிற ஊசிய இங்கேயே போடேன்."

"கல்லூரி ரொம்ப தூரம்னா போட்டிருப்பேன். பக்கத்துலதானே இருக்கு."

"நம்ம வீட்டு ஆளே நம்ம ஆஸ்பத்திரில படுக்கலன்னு நாலு பேர் சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும். நீங்க உயிரோட இருந்து கேளுங்க."

"அப்ப வண்டியப் பின்வாசலுக்கு வரச் சொல்லு."

அப்போதுதான் அவன் குரல் உயர்ந்தது. "வேற இடத்துக்கு அனுப்புற யாரையும் முன்வாசல் வழியா, டாக்டரே கூட நடந்துபோய் ஏத்தணும். தாத்தா வெச்ச வழக்கம். உங்களுக்காக மாத்தணுமா?"

என் அப்பாவின் வழக்கத்தை எனக்கே சொல்கிறான்! ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டேன்.

கூடம் முழுக்க எழுந்து நின்றது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி மகன் நடந்தான்.

"சொந்த அப்பாவையே அனுப்புறாரே," என்றது ஒரு குரல்.

"என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் கூடவே வந்து ஏத்திவிட்டார்," என்றாள் ஓர் அம்மாள். "இன்னிக்கும் என்கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்கார்."

யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கல்லூரி மருத்துவமனையில் அடைப்பைத் திறந்தார்கள். மறுநாள் மாப்பிள்ளை மாணவர்களோடு வந்து தயங்கினார். "மாமா, பசங்க பார்க்கலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு மாணவி, "சீக்கிரமே வந்துட்டார் போல, சார்," என்றாள்.

"வரலம்மா, அனுப்பிவெச்சாங்க. ஈசிஜி முன்னாடியே வந்ததால நாம தயாரா இருந்தோம். பாதி வைத்தியம் அங்கேயே முடிஞ்சுது."

"எங்கேன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை," என்றேன்.

என் அப்பாவின் பெயரை அவர் முழுதாகச் சொன்னார். மாணவர்கள் முன்னால், நிறுத்தி நிதானமாக.

நான் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானை நானே கழற்றினேன்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றேன். "நல்லாவே தட்டிப் பாருங்க."