பட்டனில் சந்தனம்

மறுபடியும் அழுத்தினேன். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, ஹேண்டல்பாரில் இருந்த பட்டனை மறு கையால் பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன். கியர் மாறுவேனா என்றது. கார் போர்ச்சில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்த அந்தச் சைக்கிளை ஓங்கி ஒரு உதை விடலாமா என்று வந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் திருச்செல்வம், ஏதோ நான்தான் அதைக் கெடுத்துவிட்டது போல உச்சுக்கொட்டினார்.

முப்பது வருஷத்துக்கு முந்திய ரேஸ் சைக்கிள். பாசிர் கூடாங்கில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காலத்திலேயே பேட்டரியில் கியர் மாறும். பட்டனைத் தொட்டால் போதும், பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். இதில் இவர் பொந்தியான் வரை போய்வந்த கதையை, கல்யாணமான புதிதில் நான் கேட்காத நாளில்லை.

போன வருஷம் சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரி இடித்தது. உயிர் பிழைத்தார். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கல்யாண வீடுகளுக்கு வருவதை விட்டுவிட்டார். பிறகு கோயிலுக்கு. பிறகு தெருவுக்கே. நாள் முழுக்க அந்த நாற்காலிதான். ஒரு நாள் திடீரென்று, பல வருஷமாகச் சுவரில் தொங்கிக்கிடந்த சைக்கிளை இறக்கு என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை.

உலு திராம் சைக்கிள் கடைச் சீனக் கிழவர், அப்பேக், இரண்டு பிரேக்கையும் இடது கையாலேயே பிடிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். கியரைப் பார்த்ததும், "இத்து தாக் போலே லா" என்று மலாயில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். அந்தப் பட்டனையும் இடது பக்கமே வைத்துவிடலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது மட்டும் வலது பக்கமே இருக்கட்டும், ஷாமளா. கட்ட விரல் போதும், தொட்டாலே மாறும். ஓடலைன்னா பழைய இரும்பு லாரியில தூக்கிப் போட்டுரு. அப்புறம் சைக்கிள் பேச்சே எடுக்காத."

சைக்கிள் பேச்சு மட்டுமா நின்றுபோகும்? அந்தப் பயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இந்தப் பாழாய்ப்போன இரும்புக்கு அழுதேன். செனாய் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் போர்டு பார்ப்பவள் நான். பேட்டரி மாற்றினேன், ஒயர் மாற்றினேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி, கியர் மட்டும் மாறவில்லை. பட்டனை மட்டும் திறக்கக் கூடாது என்று இவர் கட்டளை. உடைந்தால் கிடைக்காதாம், அதில் தண்ணீர்கூடப் பட விட்டதில்லையாம்.

இன்றைக்குக் கேட்காமலே திறந்துவிட்டேன். உள்ளே மஞ்சளாக, கல் மாதிரி இறுகிப்போய் என்னவோ இருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இவர் கார், மோட்டார், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார். ஓட்டாமல் தொங்கிக்கிடந்த காலத்திலும் இந்தச் சைக்கிளுக்குக் குறை வைத்ததில்லை. அந்தப் பட்டனுக்குக்கூடத் தனியாக ஒரு பொட்டு. மறுநாள் ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்ததில் அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சாமிக்கு வைத்தது எப்படிக் கெடுக்கும் என்று அவரும் விடவில்லை. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவைத்து, மூடினேன். பெடலைச் சுற்றிக்கொண்டே விரலை லேசாக வைத்தேன். 'டக்' என்றது. செயின் அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறியது. மறுபடி தொட்டேன், மறுபடி ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் தானாகவே எழுந்து வந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி ஹேண்டல்பாரில் வைத்தார். கட்டை விரலைப் பட்டன்மேல் பொருத்தினார்.

"சுத்து."

சுற்றினேன். சத்தமில்லை. அவர் தோள் இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது. பட்டன்மேல் விரல் சும்மா படுத்திருந்தது. பட்டன் உள்ளே இறங்கவே இல்லை.

"இன்னும் சரியாகல பாரு" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தாத. சுத்து."

செயின் அதே பல்சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை கடுத்தது. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.