டைம்பீஸுக்கே தெரியாத நேரம்

கோமளவல்லிக்கு ஆவணிக்குள் கல்யாணம் என்று அவளுடைய அப்பா ஸம்பத்குமார் ஐயங்கார் ஜாதகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு எம்.எஸ்ஸி. எதற்கு? மெட்ராஸ் காலேஜில் பௌதிகத்துக்கு இடம் கிடைத்து, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியும் அவர் தலையசைக்கவில்லை. திருவள்ளூரில் பாதிப் பேருக்கு நாள் பார்த்துக் கொடுக்கிற மனுஷர், லேசில் மசிவாரா? அவளும் அழுது பார்த்தாள். பட்டினி கிடந்தும் பார்த்தாள்; மத்தியானத்துக்கு மேல் அவளாலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை.

கடைசியில் பந்தயம் கட்டினாள். "இந்த டைம்பீஸ்ல, ஆறாம் நம்பர்ல பூசியிருக்கற ரேடியத்துல, அடுத்த பொறி எந்த இடத்துல, எப்போ மின்னும்னு சொல்லிடுங்கோப்பா. ஆவணியிலேயே கழுத்தை நீட்டறேன். சொல்ல முடியலேன்னா காலேஜ்."

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றார் ஐயங்கார்.

விடியற்காலைக் கோயில் கைங்கர்யத்துக்கு அவரை எழுப்புகிற டைம்பீஸ் அது. இருட்டில் அதன் ரேடியம் எண்கள் பச்சையாக ஒளிரும். அதையும், அவர் கைரேகை பார்க்கிற பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, ஆனி மாதப் புழுக்கத்தில் அவரை அரிசி மூட்டை அடுக்கிய உக்கிராண அறையில் உட்காரவைத்துக் கம்பளியால் மூடினாள்.

கண் இருட்டுக்குப் பழகியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடியே, கடுகு பொரியறாப்ல பொரியறதுடீ!"

"ஒவ்வொரு பொறியும் ஒரு அணு உடையறதுப்பா. சொல்லுங்கோ, அடுத்தது எங்கே?"

"வளைவுல... இல்லே, சுழியில. சரி, இப்போ நுனியில... சே!"

பால் ஊற்ற வந்த மணியம்மாள் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள். "இன்னாம்மா, சாமி இந்தப் புழுக்கத்துல போத்திக்கினு குந்திக்கினுகீறாரு? குளிர் ஜொரமா?"

"இல்லே மணியம்மா, ஜோசியம் பாக்கறார்."

வேர்த்து வழிய வெளியே வந்த அப்பாவைப் பார்த்ததும் கோமளத்துக்குப் பாவமாகிவிட்டது. கோபத்தில் படிப்புக்கே முழுக்குப் போட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"எப்போ உடையணும்னு அந்த அணுவுக்காவது தெரியுமோ?" என்று கேட்டார்.

"அதுக்கும் தெரியாதுப்பா. இத்தனை வருஷத்துல பாதி உடையும்னு மொத்தமாச் சொல்லலாம். இதுதான், இப்போதான்னு ஒண்ணைக் காட்டி யாராலயும் சொல்ல முடியாது."

ஐயங்கார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "என் தொழிலும் அதேதான்டீ. வெளியே சொல்லிண்டு திரியாதே. திங்கட்கிழமை ரயில் எத்தனை மணிக்கு?"

"ஏழுக்குப்பா."

"அப்போ இதை உன் தலைமாட்டுல வெச்சுக்கோ. நான் தானா எழுந்துப்பேன்" என்று டைம்பீஸை நீட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கக் கை நீட்டுவதற்குள் அவரே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமைதானே? அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்" என்று மறுபடியும் கம்பளிக்குள் புகுந்தார்.