ஆமை போட்ட பாக்கெட்

எங்கள் சாகிந்தோஸ் தீவில் கக்கூஸுக்குள் காகிதம்கூடப் போடக்கூடாது. பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். குழாய் அவ்வளவு ஒல்லி. அல்பேனியாவிலிருந்து லுலியெதா கைக்குழந்தையோடு கீழ்வீட்டுக்குக் குடிவந்த அன்றே இதை மூன்று தடவை சொன்னவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் கணவரைத் துடைக்க, ஒருமுறை துடைத்து எறியும் ஈரத்துடைப்பான் பாக்கெட் வாங்குவேன். கூடையில் போட்டால் வீடே நாறும், பார்க்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பாக்கெட்டில் ஓர் ஆமைப் படம் இருந்தது. எங்கள் கடற்கரைகளில் ஆமை முட்டையிடும். இங்கே எதில் ஆமை போட்டிருந்தாலும் அது ஆமைக்கு நல்லது என்று பொருள். கீழே இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்கச் சோம்பல். கடலுக்கே ஆகும் என்றால் குழாய்க்கு ஆகாதா? எல்லாவற்றையும் உள்ளே போட்டுத் தண்ணீர் விட்டேன். என் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே குழாய்.

திங்கட்கிழமை லுலியெதாவின் குளியலறையில் சாக்கடை பொங்கியது. குழாய் வேலை செய்யும் பனாயிஸ் கம்பி விட்டு, தலையணை அளவுக்கு ஒரு சாம்பல் நிற உருண்டையை இழுத்துப் போட்டார்.

"இது துணியில்ல, பிளாஸ்டிக்கு. கரையவே கரையாது. கக்கூஸ்ல போடாதேன்னு பாக்கெட்லயே செத்த ஆமைய வரைஞ்சு வச்சிருக்கான். எவ பாக்குறா?"

செத்த ஆமையா? நீந்துகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்.

கீழ்வீட்டுச் சொந்தக்காரன் யெராசிமோஸ் லுலியெதா பக்கம் திரும்பினான். "புள்ள வச்சிருக்கறவ நீதானே? வியாழக்கிழமைக்குள்ள காலி பண்ணு."

"எம் புள்ளைக்குத் துணிதான் கட்டுறேன்," என்றாள் அவள். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கோடை தொடங்கிவிட்டால் சுற்றுலாக்காரர்களைத் தவிர யாருக்கும் இங்கே அறை கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பையும் குழந்தையுமாக மாடியேறி வந்தாள். தினமும் என் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் அவள்தான்.

"அக்கா, இனிமே குப்பைய நீங்கதான் பாத்துக்கணும். படியில மெதுவா எறங்குங்க."

"உனக்கு எவ்வளவு சிரமம் குடுத்துட்டேன்..."

"என்ன சிரமம்? உங்க குப்பை கனமே இருக்காது. பாக்கெட்டு காலியா வரும். தொடச்சது ஒண்ணுகூட வந்ததில்ல."

"தெரிஞ்சுமாடி சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னு மூணு நாளா இருந்தேன்."

கீழே சாவிக்காக யெராசிமோஸ் வந்து நின்றான். மாடியிலிருந்தே கத்தினேன்.

"டேய் யெராசிமோஸ், சாவிய வாங்காத! கொழாய அடைச்சது நான். அந்த ஆமை என்னோடது!"

அவன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். லுலியெதா பையைக் கீழே வைக்கவில்லை.