ஒன்பதாம் நம்பர் அறைக்கு இனிப்பில்லாத காப்பி

எங்கள் முதலாளிக்கு மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று மூன்று ஊரில் லாட்ஜ். ஒரு தடவை தங்கியவன் இன்னொரு லாட்ஜ் வாசலை மிதிக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு வேதம். அதற்காகவே வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. யாருக்கு எத்தனை தலையணை, யாருக்கு எத்தனை மணிக்கு வெந்நீர் என்று தூத்துக்குடியில் நான் எழுதினால், அடுத்த வாரமே மற்ற இரண்டு கிளைக்கும் போய்விடும். அதில் என்னை அடிக்க ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

சாத்தான்குளம் கருப்பட்டி வியாபாரி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி ஆறு வருஷமாக எங்களிடம்தான் தங்கினார், எப்போதும் ஒன்பதாம் நம்பர் அறை. மதுரையில் சொந்தத் தங்கை வீடு இருந்தும் அங்கேயும் எங்கள் லாட்ஜுக்குத்தான் போவார். எல்லாம் ஒரு காப்பிக்காக. முதல் தடவையே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஏலே எஸ்றா, எனக்குச் சீனி வியாதி. காப்பியில இனிப்பு ஆகாது. வீட்லகூடத் தெரியாது, வெளிய மூச்சு விட்றாத. கருப்பட்டி யாவாரிக்கே சீனி வியாதின்னா எவம்லே சரக்கு வாங்குவான்?”

நான் மூச்சு விடவில்லை. கார்டில் மட்டும் எழுதினேன்.

எழுபத்தாறாம் வருஷம் ஆவணியில் அவர் அறையிலேயே மயங்கி விழுந்து, பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து, அவர் பெட்டியை வாங்கிப் போக மனைவி சந்தனமாரி வந்தார்.

“நல்லாத்தான இருந்தாக. என்ன கொறையின்னே தெரியலையே தம்பி” என்று அழுதார். பார்க்கப் பொறுக்கவில்லை. நாங்கள் அவரை எப்படிக் கவனித்துக்கொண்டோம் என்று சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். சனியன் பிடித்த நாக்கு.

“இங்கன ஒரு கொறையும் வைக்கலம்மா. அண்ணாச்சிக்குச் சீனி வியாதின்னு மூணு கிளைக்கும் தெரியும். ஒருநாள்கூட இனிப்புக் காப்பி குடுத்ததில்ல.”

அழுகை நின்றுவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார்.

“வீட்ல மூணு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான் குடுத்தேன். ஒடம்பு மெலியுதேன்னு கூட ரெண்டு துண்டு போட்டுக் குடுத்தேன். அவுகளும் ஒண்ணுஞ் சொல்லாமக் குடிச்சாக.”

நான் மேசைமேல் இருந்த கார்டுக் கட்டை ஓரமாகத் தள்ளினேன்.

“மதுரையில தெரியும், திருநெல்வேலியில தெரியும். கட்டுனவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா தம்பி?”

தோன்றியிருக்கிறது. பொங்கல் கழிந்து அவர் மெலிந்துபோய் வந்தபோது, ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கி, இந்த அம்மா பேருக்கு விலாசம்வரை எழுதினேன். நான் சொன்னது தெரிந்தால் அண்ணாச்சி வேறு லாட்ஜுக்குப் போய்விடுவார் என்றுதான் கிழித்துப் போட்டேன்.