சந்துக்கு ஒரு விபத்து

“இடதா, வலதா? சீக்கிரம் சொல்லுங்க மேடம்.”

ஹெட்செட்டில் ஆம்புலன்ஸ் டிரைவரின் குரல். பின்னால் சைரன், அதையும் மீறி ஹாரன்கள்.

என் விரல் திரையில் இருந்த வரைபடத்தின் மேல் தடுமாறியது. கண்ணாடிக் கடைச் சந்துக்கு இரண்டு வழி. ஒன்றின் நடுவே படிக்கட்டு. எதில்? காலையில்கூட நோட்டில் படித்தேனே. பச்சை மையில் எழுதியிருந்தது ஞாபகம் இருக்கிறது. பக்கத்தின் இடது மூலை என்பதும் ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வர மறுத்தது.

“வலது,” என்றேன்.

அரை நிமிடம் கழித்து பிரேக் கிறீச்சிட்டது.

“படிக்கட்டு மேடம். நம்ம வண்டிக்கு இன்னும் கால் முளைக்கல.”

பின்வாங்கிச் சுற்றி வர ஆறு நிமிடம் ஆனது. சந்துக்குள் மூச்சுத் திணறிக் கிடந்த பெரியவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

கன்ட்ரோல் ரூம் மேற்பார்வையாளர் என் மேஜைக்கு வந்து நின்றார். தெருத் தேர்வில் கேள்விக்குப் பத்து விநாடிக்கு மேல் தரமாட்டார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘பத்து செகண்டு’.

“ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். வெள்ளிக்கிழமை மூணாவது. அதுலயும் கோட்டை விட்டா திரும்ப ரெக்கார்டு ரூம்தாம்மா. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத.”

ரெக்கார்டு ரூமில் ஏழு வருடம் தூசி தின்றவள் நான். ஜன்னல் கிடையாது. பேச ஆள் கிடையாது. இந்த நாற்காலிக்கு மூன்று மாதத் தற்காலிக உத்தரவில் வந்திருந்தேன். இதை விட மனம் இல்லை.

எங்கள் பகுதியில் நூற்றுப் பன்னிரண்டு சந்துகள். திரைக்குச் சந்து தெரியும். படிக்கட்டும், தோண்டிப் போட்ட குழியும், குறிப்பிட்ட நேரத்தில் வழியை அடைக்கிற கடைகளும் தெரியாது. அதெல்லாம் ஆபரேட்டரின் தலைக்குள் இருக்க வேண்டும். அதற்குத்தான் தேர்வு.

படிக்காமலா இருந்தேன்? சீனியர் அக்கா நான்கு வண்ண மையில் எழுதிய நோட்டைக் கொடுத்திருந்தார். முப்பது தடவை புரட்டியாயிற்று. திறந்து வைத்திருக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடினால் துடைத்துவிட்ட பலகை.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைச் சோபாவில் வீசினேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸோடு எட்டிப் பார்த்தார்.

“அவங்க நோட்டு அவங்களுக்குத்தான் ஞாபகம் வரும். அடுத்தவன் போட்ட ஒயரிங் படத்தைப் பாத்தா எனக்கும் ஒண்ணும் ஏறாது. நானே கிறுக்கினா வருஷம் ஆனாலும் மறக்காது.”

“ஆமா, அறிவுரை சும்மாதானே கிடைக்குது. அள்ளி விடுங்க.”

“டீயும் சும்மாதான். போடட்டுமா?”

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். நோட்டைப் பார்க்காமல் வரைந்தேன். பதினோரு சந்து வந்தது. பன்னிரண்டாவதில் பேனா நின்றுவிட்டது. மூன்று மாத உழைப்புக்குப் பதினொன்று. தாளைக் கசக்கிக் குப்பைக்கூடைக்கு எறிந்தேன். அதுவும் வெளியே போய் விழுந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, புது நோட்டோடு சந்து சந்தாக நடந்தேன். ‘குழி உண்டு’, ‘கம்பம் உண்டு’ என்று எழுதினேன். மதியம் மூடி வைத்துப் பார்த்தால் பாதி காற்றோடு போயிருந்தது. கால் வலி, வெயில், ஆத்திரம். போதாததற்கு ஒரு தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே முறைத்தார். அந்த எரிச்சலில் எழுதினேன்: ‘தையல்காரர் ஊசியை விழுங்கிவிட்டார். மணி மூன்று ஐந்து. வண்டி எப்படி வரும்?’

கேள்வியைப் போட்டாயிற்று, பதிலும் நானே எழுத வேண்டுமே. தெற்கே கம்பம் இடிக்கும், வடக்கிலிருந்து பின்பக்கமாகத்தான் வர வேண்டும். எழுதினேன்.

சாயங்காலம் வேறு எது மறந்தாலும் அந்தத் தையல்காரர் மறக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாச் சந்துக்கும் அதே வைத்தியம். ஒரு விபத்து, ஒரு நேரம், ஒரு வழி.

புதன்கிழமை அந்த நோட்டு கணவர் கையில் சிக்கியது.

“என்னடி இது, ஆளுங்களைத் தீத்துக்கட்டற லிஸ்டா? ‘எட்டாவது சந்து, பல் டாக்டர் மேல பீரோ விழுந்தது.’ பாவம், அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணார்?”

“தப்பான பல்லைப் பிடுங்கினார்.”

“எங்கக்கா வீட்டுச் சந்துல எங்கக்காவே குக்கர் வெடிச்சுக் கிடக்கறா.”

“சின்னக் காயம்தான். பிழைச்சுக்குவாங்க.”

“வண்டி எந்தப் பக்கமா வரும்?”

“மேற்கே. கிழக்குல டிரான்ஸ்ஃபார்மர், உள்ள நுழையாது.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நோட்டு அவர் கையில் இருந்தது.

சந்தோஷப்பட நேரம் இல்லை. வியாழன் இருட்டுவதற்குள் தொண்ணூற்றேழு சந்துதான் முடிந்தது. மிச்சம் பதினைந்தை வேறு வழியில்லாமல் சீனியர் அக்காவின் நோட்டிலிருந்தே படித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, பத்து செகண்டின் அறை. வழக்கம்போல ஒரு காதில் ஹெட்செட். கன்ட்ரோல் ரூம் பேச்சைக் கேட்டுக்கொண்டே கேள்வி கேட்பார். இருபது கேள்வி. இரண்டு தப்பு வரை மன்னிப்பு உண்டு.

மளமளவென்று போனது. ஏழாவதில் தப்பு. பதின்மூன்றில் தப்பு. இரண்டுமே அக்காவின் நோட்டில் படித்தவை. இருபதாவது கேள்வியும் அந்தப் பதினைந்தில் ஒன்று. ஊதா மையில் எழுதியிருந்தது. அவ்வளவுதான் வந்தது.

“பத்து செகண்டு முடிஞ்சது,” என்றார்.

மூன்று தப்பு. நான் எழுதியதில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எழுத நேரம் கிடைக்காதது என்னைக் கவிழ்த்துவிட்டது. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் போதும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தாளில் கையெழுத்துப் போடப்போனவர் நிறுத்தினார். காதில் இருந்ததை அழுத்திக்கொண்டார்.

“இன்னொண்ணு. பழைய பேப்பர் கடைச் சந்து, கடைசி வீடு. ஏணியிலேர்ந்து ஆள் விழுந்துட்டார். வண்டி மணிக்கூண்டுகிட்ட இருக்கு. மணி பத்தரை. எப்படி உள்ள போகும்?”

“இருபது முடிஞ்சதே சார்.”

“பதிலைச் சொல்லும்மா.”

தோற்றவளை இன்னும் எதற்கு இழுத்தடிக்கிறார்? எரிச்சலோடு ஒப்பித்தேன்.

“முன்பக்கமா போகக் கூடாது. பதினொண்ணு வரைக்கும் காய்கறி வண்டிங்க அடைச்சுட்டு நிக்கும். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித் திரும்பணும். ஒரு இரும்பு கேட் வரும். பூட்டு தொங்கும், ஆனா பூட்டியிருக்காது. தள்ளினா திறந்துக்கும். கடைசி வீட்டு வாசல்லயே போய் நிக்கலாம்.”

“பள்ளிக்கூடச் சுவர். இரும்பு கேட். தள்ளினா திறந்துக்கும்,” என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பேனா மேஜை மேல் கிடந்தது.

“ஃபெயில்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன் சார்.”

பொறு என்பது போல விரலைத் தூக்கினார். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

“மூணு தப்பு. தாள்ல ஃபெயில்தான்.” ஹெட்செட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தார். “திங்கக்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு வந்துடு. மேலிடத்துல நான் பேசிக்கறேன்.”

“எதுக்கு சார்?”

“கடைசியா கேட்டது கேள்வி இல்லம்மா. ஒம்பது நிமிஷமா நம்ம வண்டி வழி தெரியாம மணிக்கூண்டுகிட்டயே நின்னுட்டிருந்தது. இப்பதான் அந்த ஆளைத் தூக்கி ஏத்தினாங்க.”